அப்பா பெயரில் ஒரு சென்செய்

ஜப்பானில் இங்கிலீஷ் வாத்தியாருக்கு இருக்கும் மதிப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் வரப்போகும் கதையில் எனக்கு ஒரு மதிப்பும் மிஞ்சாது.

1984-இல் அவர்கள் வெளியிட்ட ஆயிரம் யென் நோட்டில் இருந்தவர் நத்சுமே சோசெகி. உலகத்துக்கு அவர் நாவலாசிரியர். ஆனால் மனிதர் மத்சுயாமா என்ற ஊரில் பள்ளிக்கூடத்துப் பையன்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவர். 1900-இல் அரசாங்கச் செலவில் லண்டன் போய், பெரும்பாலும் அறைக்குள்ளேயே புத்தகமும் கையுமாகக் கிடந்து, மனம் நொந்து திரும்பி, டோக்கியோ பல்கலைக்கழகத்தில் மறுபடியும் இங்கிலீஷே நடத்தியவர். 2024 ஜூலையில் வந்த புது ஐயாயிரம் யென் நோட்டில் இருப்பவர் த்சுதா உமேகோ. 1871-இல், ஆறு வயதில், கப்பலேறி அமெரிக்கா போனவர். 1900-இல் பெண்களுக்கென்று ஓர் ஆங்கிலப் பள்ளி தொடங்கியவர். நாற்பது வருஷ இடைவெளியில் இரண்டு இங்கிலீஷ் வாத்தியார்களை நோட்டில் அச்சடித்த தேசம் அது.

இந்த விவரத்தைச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டில் எடுத்துவிட்டேன். ரசம் ஊற்றிக்கொண்டிருந்த மனைவி கரண்டியைக் கீழே வைக்காமலேயே கேட்டாள்: "உங்களுக்கு மணிக்கு எவ்வளவு தர்றாங்க?"

"ஆயிரத்துச் சொச்சம்."

"அப்போ மணிக்கு ஒரு தடவை அந்த வாத்தியார் உங்க கைக்கு வர்றாரு. அதுவே பெரிய கௌரவம்தான். சாப்பிடுங்க."

ஆயிரம் யென்னிலிருந்து வாத்தியார் எப்போதோ இறங்கிப்போய், இப்போது கிருமி ஆராய்ச்சி செய்த டாக்டர் ஒருவர் வந்துவிட்டார் என்பதை நான் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒன்று வரும்.

சென்டாய் நகரத்துக்கு நான் போனது இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க இல்லை. பூகம்பத்தில் கான்கிரீட் தூண் எந்த இடத்தில் முதலில் விரிசல் விடும் என்று ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கப் போனேன். ஜப்பான் அரசாங்க உதவித்தொகை. தனி ஆளுக்கு அது ராஜ வாழ்க்கை. மனைவியும் நாலு வயது மகளும் வந்து இறங்கியபின் அந்த ராஜா மாதாமாதம் இருபதாம் தேதி ராஜினாமா செய்யத் தொடங்கினார்.

என் வழிகாட்டிப் பேராசிரியர் இதைக் கவனித்திருக்க வேண்டும். ஒரு மாலை கூப்பிட்டு, "ஆங்கில வகுப்புக்கு டி.ஏ. தேவைப்படுகிறதாம். நீங்கள் இந்தியர்தானே, சிரமம் இல்லாவிட்டால் யோசித்துப் பாருங்களேன்" என்றார். ஜப்பானியப் பேராசிரியர் யோசித்துப் பார்க்கச் சொன்னால், யோசிப்பதற்கு ஒன்றும் பாக்கி இல்லை என்று அர்த்தம்.

டி.ஏ. என்பது பாடம் நடத்துகிறவருக்கு எடுபிடி. தாள் விநியோகிக்க வேண்டும், வருகை எடுக்க வேண்டும், கட்டுரை திருத்த வேண்டும், மாணவர்களைப் பேச வைக்க வேண்டும். படிக்கிற பல்கலைக்கழகத்திலேயே செய்கிற டி.ஏ. வேலைக்குக் குடிவரவு அலுவலகத்தில் தனி அனுமதி வேண்டாம். வெளியே வேலைக்குப் போனால்தான் அனுமதி, வாரத்துக்கு 28 மணி நேரம் என்ற வரம்பு எல்லாம். அப்படி வெளியே போய் ஹோட்டலில் தட்டு கழுவிய நண்பர்கள் என்னைப் பொறாமையோடு பார்த்தார்கள். தட்டும் பேசாது, என் மாணவர்களும் பேசமாட்டார்கள். ஆனால் தட்டில் கொஞ்சம் பளபளப்பாவது தெரியும் என்பதை அவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது?

'இந்தியர்தானே' என்பதில்தான் வில்லங்கம். இந்தியன் என்றால் மூன்று விஷயம் தெரிந்திருக்கும் என்பது அங்கே பொதுவான நம்பிக்கை. கறி சமைக்கத் தெரியும், இரண்டு இலக்க வாய்ப்பாடு மனப்பாடம், இங்கிலீஷ் தண்ணீர் பட்ட பாடு. முதலாவது என் மனைவிக்குத் தெரியும். இரண்டாவது கால்குலேட்டருக்குத் தெரியும். மூன்றாவதைப் பொறுத்தவரை, நான் அம்பாசமுத்திரத்துப் பக்கம் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் மீடியம். எங்கள் இங்கிலீஷ் சார் இங்கிலீஷைத் தமிழில்தான் நடத்துவார். ஒரு வாக்கியம் வாசிப்பார், அதை நிறுத்தி நிதானமாகத் தமிழில் சொல்வார், "புரிஞ்சுதாலே?" என்பார். "புரிஞ்சிட்டு சார்" என்போம். பாடம் முடிந்தது. ஜப்பானிலும் தலைமுறை தலைமுறையாக இதே வழிதான். 'யாகுதோகு' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். இத்தனை ஆயிரம் மைல் பறந்து வந்து எங்கள் இங்கிலீஷ் சாரின் வகுப்பிலேயே மறுபடி போய் உட்கார்ந்தது எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது.

முதல் நாள் எனக்கு ஒரு புதுப் பெயர் கிடைத்தது. நம் ஊர் இனிஷியல் சமாச்சாரம் ஜப்பானிய விண்ணப்பப் படிவத்துக்குப் புரியாது. குடும்பப் பெயர் எங்கே என்று கேட்கும். பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தில் அப்பா பெயர் இருந்தது. அவ்வளவுதான், நான் என் அப்பா ஆகிவிட்டேன். அதையும் கதகானா எழுத்தில் எழுதுவார்கள். அதில் 'ன்' ஒன்றைத் தவிர வேறு மெய்யெழுத்து தனியாக நிற்காது. ஒவ்வொன்றும் துணைக்கு ஓர் உயிரைக் கூட்டிக்கொண்டுதான் வரும். அப்பாவின் பெயர் ஏறக்குறைய இருமடங்காக நீண்டு, கடைசியில் வாத்தியார் என்று அர்த்தமாகும் 'சென்செய்'யும் சேர்ந்தபோது, கூப்பிடுகிற பிள்ளைகளுக்கு மூச்சு வாங்கியது. பெயரை இங்கே எழுதமாட்டேன். அச்சில் வந்தால் அப்பா பத்துப் பிரதி வாங்கி ஊர் முழுக்கக் கொடுத்துவிடுவார்.

போனில் விஷயத்தைச் சொன்னேன்.

"ஏல, அங்க காலேஜ்ல எல்லாரும் எம் பேரைச் சொல்லியா கூப்பிடுதாவ?"

"ஆமாப்பா."

"வாத்தியார்னும் சேத்து?"

"ஆமாப்பா."

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் அப்பா. கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. "சரி, பேரைக் கெடுத்துராம நடத்து" என்று வைத்துவிட்டார்.

வகுப்பை நடத்திய பேராசிரியர் கனடாக்காரர், நல்ல மனுஷர். 90 நிமிட வகுப்பு, காலையில் முதல் பீரியட். "ஹவ் ஆர் யூ?" என்று உற்சாகமாகத் தொடங்குவார். "ஐ ஆம் ஃபைன், தேங்க் யூ, அண்ட் யூ?" என்று நாற்பது குரல் ஒரே சுருதியில் வரும். முகக்கவசத்துக்குள் இருமிக்கொண்டு, கண் சிவந்து, மூக்கு ஒழுகிக்கொண்டிருக்கும் பையனும் ஃபைன்தான். அதற்குப் பிறகு நிசப்தம். என் வேலை, குழுக் குழுவாகப் போய் உட்கார்ந்து இந்த நிசப்தத்தை உடைப்பது. ஒருவனைப் பார்த்து, உனக்குப் பிடித்த சாப்பாடு என்ன என்று கேட்பேன். அவன் மேசையைப் பார்ப்பான். பிறகு பக்கத்தில் இருப்பவனைப் பார்ப்பான். இருவரும் தணிந்த குரலில் ஜப்பானிய மொழியில் ஒரு கமிட்டி கூட்டுவார்கள். மூன்றாமவனும் கருத்துச் சொல்வான். கடைசியில் கமிட்டியின் முடிவு வெளியாகும்: "யெஸ்."

பாடம் தெரியாமல் இல்லை. இலக்கணத்தில் அந்தப் பிள்ளைகள் புலிகள். நான் 'பாஸ்ட் பர்ஃபெக்ட்' என்று வாயெடுத்தால் அதன் ஜாதகத்தையே எழுதிக் காட்டுவார்கள். ஆனால் எல்லாம் கண் வழியாகப் படித்த இங்கிலீஷ். தேசிய நுழைவுத் தேர்வில் காதால் கேட்டுப் பதில் எழுதும் பகுதியே 2006-இல்தான் வந்தது. தொடக்கப் பள்ளியின் ஐந்து, ஆறாம் வகுப்புகளில் ஆங்கிலம் முறையான பாடமானது 2020-இல். என் மாணவர்கள் அதற்குள் அந்த வகுப்புகளைத் தாண்டிவிட்டார்கள். வேலைக்குப் போகும்போது கம்பெனிக்காரர்கள் கேட்பது டோயிக் மதிப்பெண். ஜப்பானியர்கள் கேட்டுக்கொண்டதால் அமெரிக்காவில் தயாராகி 1979-இல் தொடங்கிய தேர்வு அது. அவர்கள் பெரும்பாலும் எழுதுகிற வகையில் இரண்டு மணி நேரத்தில் 200 கேள்விக்குக் காதையும் கண்ணையும் தீட்டிக்கொண்டு பதில் குறித்தால் போதும், வாயைத் திறக்க வேண்டாம். அதில் 990-க்கு 900-க்கு மேல் வாங்கிய ஒரு பையனிடம், வெளிநாட்டிலிருந்து வந்த பெண்மணி ஒருவர் கழிவறைக்கு வழி கேட்டார். பையன் ஒரு வார்த்தை பேசவில்லை. எழுந்து, மாடிப்படி இறங்கி, கழிவறை வாசல் வரை கூடவே நடந்து போய்க் காட்டி, குனிந்து வணங்கிவிட்டு வந்தான். இதைவிடத் தெளிவாக எந்த இங்கிலீஷில் வழி சொல்ல முடியும்?

வாய் திறக்கிற ஒன்றிரண்டு பேர் கேட்கிற கேள்விதான் ஆபத்து. ஒரு மாணவி, மிகவும் சிரத்தையானவள், பென்சில் முனையால் ஒரு வரியைத் தொட்டு, "சென்செய், இங்கே ஏன் 'தி' வருகிறது?" என்றாள். நான் கனடாக்காரரிடம் கொண்டுபோனேன். அவர் வரியை வாசித்துப் பார்த்து, "அப்படி இருந்தால்தான் காதுக்குச் சரியாக இருக்கிறது" என்றார். அந்த மொழியோடே பிறந்தவர்களுக்கு இதுதான் வசதி. காதைக் காட்டிவிட்டுத் தப்பித்துக்கொள்ளலாம். எனக்குக் காட்டுவதற்கு அப்படிப்பட்ட காது இல்லை. தமிழிலும் 'தி' இல்லை, ஜப்பானிய மொழியிலும் இல்லை. "நானும் பள்ளிக்கூடத்திலிருந்து இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்" என்றேன். அந்தப் பெண் முதல் தடவையாகச் சிரித்தாள்.

விடை கிடைத்தது வீட்டில். மகள் பாலர் பள்ளியிலிருந்து கொண்டுவந்த மொமொதாரோ கதைப் புத்தகத்தை உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு காலத்தில் ஓர் இடத்தில் ஒரு தாத்தாவும் பாட்டியும் இருந்தார்கள். தாத்தா மலைக்கு விறகு பொறுக்கப் போனார். முதல் தடவை வருகிற தாத்தாவுக்கு ஒட்டு 'கா'. அறிமுகம் ஆனபிறகு அதே தாத்தாவுக்கு ஒட்டு 'வா'. நம் பாட்டி மட்டும் என்ன, ஒரு ஊர்ல ஒரு ராஜா என்றுதானே ஆரம்பிப்பாள்? அடுத்த வரியில் அவர் 'அந்த ராஜா' ஆகிவிடுவார். மறுவாரம் கரும்பலகையில் தாத்தாவை இரண்டு தடவை எழுதி, ஒருவருக்கு 'எ', இன்னொருவருக்கு 'தி' போட்டேன். பின்வரிசையிலிருந்து "ஆஆ" என்ற சத்தம் கிளம்பியது. கனடாக்காரர் என் தோளைத் தட்டி, எந்தப் புத்தகத்தில் படித்தீர்கள் என்று கேட்டார். நாலு வயதுப் பெண்ணிடம் திருடியது என்று சொல்ல மனம் வரவில்லை. "வாசித்துக்கொண்டே இருப்பேன்" என்றேன்.

இப்படிப் பல இடங்களில் நான் மெல்ல மெல்ல மாணவர் கட்சிக்குத் தாவிவிட்டேன். "யூ டோன்ட் லைக் காபி?" என்று பேராசிரியர் கேட்பார். "யெஸ்" என்பான் பையன். ஆமாம், பிடிக்காது என்று அர்த்தம். அவர் காபி வாங்கிக் கொடுத்துவிடுவார். அவன் மரியாதைக்காக முகத்தைச் சுளிக்காமல் குடிப்பான். நானும் அந்த யெஸ்ஸைச் சொல்லி வளர்ந்த ஜாதிதான் என்பதால், நடுவில் புகுந்து காபியைக் காப்பாற்றுவேன். பத்து மாம்பழம் என்றால் பத்து மாம்பழம்தான், அதற்கு மேல் ஒரு 'ஸ்' எதற்கு என்கிற சந்தேகமும் எங்களுக்குள் பொது. வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில்தான் வந்து உட்காரும் என்பதும் பொது. சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு உண்டு என்று பக்கம் பக்கமாக எழுதினார். மொழியியலாளர்கள் பலர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. என் மாமனார் ஒப்புக்கொண்டுவிட்டார்.

உச்சரிப்பில் மட்டும் நான் உயர்ந்த பீடத்தில் இருந்தேன். அவர்களுக்கு லகரமும் ரகரமும் ஒன்றே. நமக்கோ ல, ள, ழ, ர, ற என்று ஐந்து. இருப்பதைப் பகிர்ந்து கொடுக்க வந்த வள்ளல் நான் என்ற தோரணையில் நாக்கை மடித்துக் காட்டினேன். வாழைப்பழத்தை 'வாளப்பளம்' என்று சொல்லி வளர்ந்த ஊர் எங்களுடையது என்பதை ஜப்பானில் யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை.

அந்த வருஷம் வகுப்பில் முதன்முதலாக ஒருவன் தானாக எழுந்து இங்கிலீஷ் பேசிய நாளைச் சொல்ல வேண்டும். மூன்றாவது மாடி. தாள் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் கண்ணாடி கடகடத்தது, தரை மெதுவாக ஒரு பக்கம் போய்த் திரும்பி வந்தது. ஆய்வுக்கூடத்தில் நான் தினமும் தூண்களைக் குலுக்குகிறவன்தான். ஆனால் அங்கே சுவிட்ச் என் கையில் இருக்கும். இங்கே இல்லை. அடுத்த கணம் நான் மேசைக்கு அடியில் இருந்தேன். ஆங்கிலம், தமிழ், ஜப்பானியம் எதிலும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. வெளியே நாற்பது ஜோடிக் கால்கள் அசையாமல் இருந்தது மட்டும் தெரிந்தது.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு குரல். ஏப்ரலிலிருந்து வாய் திறக்காத பையன். "சென்செய், டோன்ட் வொர்ரி. ஷிந்தோ த்ரீ. திஸ் பில்டிங் இஸ் ஸ்ட்ராங். தட் டேபிள் இஸ் வீக்."

எழுவாய், பயனிலை, எல்லாம் அதனதன் இடத்தில். அடியில் இருந்தபடியே, எப்படிச் சொல்கிறாய் என்று கேட்டேன். அவன் விளக்கினான். அங்கே ஓர் இடத்தில் நிலம் எவ்வளவு குலுங்கியது என்பதை 0 முதல் 7 வரை 'ஷிந்தோ' என்ற கணக்கில் சொல்வார்கள். மூன்று என்றால் அலமாரியில் தட்டு சத்தம் போடும், அவ்வளவுதான் என்றான். இன்னொருத்தி திருத்தினாள். இரண்டாகவும் இருக்கலாம் என்றான் மற்றொருவன். நான் தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்தபோது வகுப்பே பேசிக்கொண்டிருந்தது. பாதிப் பேர் அந்தப் பகுதிப் பிள்ளைகள்; 2011 மார்ச் 11 பெரும் பூகம்பத்தன்று பாலர் பள்ளியில் இருந்தவர்கள். குளிரில் பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தில் படுத்தது, ஆறிப்போன சோற்று உருண்டையை அண்ணனோடு பாதியாகப் பிட்டுத் தின்றது, தண்ணீருக்கு அம்மாவோடு வரிசையில் நின்றது என்று ஒருத்தி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். ஒரு 'தி' கூடச் சரியான இடத்தில் விழவில்லை. கனடாக்காரர் அன்றைய பாடத்தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டார். திருத்த வேண்டிய நானும் திருத்தவில்லை.

அடுத்த வாரம் வகுப்பு மறுபடியும் நிசப்தம். பேராசிரியர் என் அருகே வந்து தாழ்ந்த குரலில் கேட்டார்: "இன்றைக்கும் ஒரு தடவை மேசைக்கு அடியில் போக முடியுமா?"

கட்டுரை திருத்துகிற வேலை எனக்கு மிகவும் பிடித்தது. அதற்குச் சென்டாயில் ஒரு பரம்பரையே இருக்கிறது. சீன எழுத்தாளர் லூ சுன் 1904-இல் அந்த ஊருக்கு மருத்துவம் படிக்க வந்தார். ஃபுஜினோ என்ற உடற்கூறு ஆசிரியர் இந்த அயல்நாட்டுப் பையனின் குறிப்பேட்டை வாங்கி, விட்டுப்போனதைச் சேர்த்து, மொழிப்பிழை உட்பட எல்லாவற்றையும் சிவப்பு மையில் திருத்திக் கொடுப்பாராம். லூ சுன் மருத்துவத்தை 1906-இல் விட்டுவிட்டார். வாத்தியாரை விடவில்லை, பின்னாளில் அவரைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதினார். லூ சுன் உட்கார்ந்த வகுப்பறையைக் கதாஹிரா வளாகத்தில் இன்றும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். நான் போய்ப் பார்த்துவிட்டு, திரும்பும் வழியில் ஒரு டஜன் சிவப்புப் பேனா வாங்கினேன். என்னைப் பற்றி யார் கட்டுரை எழுதப்போகிறார்களோ என்று நாற்பது முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தும் வைத்தேன். பேராசிரியர் என் திருத்தங்களைப் பார்த்துவிட்டு, ஒரு தாளுக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம், பிள்ளைகள் ரத்தம் என்று பயந்துவிடுவார்கள் என்றார்.

சில தாள்களில் சிவப்புக்கு வேலையே இருக்காது. "லேட் ஆகிவிட்டது" என்று சொல்லத் தவிக்கிற பையன், உயர் நீதிமன்றத் தீர்ப்பு நடையில் இரண்டு பக்கம் எழுதிக் கொடுப்பான். மொழிபெயர்ப்புச் செயலி. கண்டிக்கலாம்தான். ஆனால் மாநகராட்சியிலிருந்து வருகிற ஒவ்வொரு கடிதத்தையும் நான் வாசிப்பது அதே செயலியில் என்பதால், நடை சற்று கனமாக இருக்கிறது என்று மட்டும் எழுதுவேன்.

இனி வீட்டு நிலவரம். பாலர் பள்ளிக்குப் போகிற குழந்தையின் பையில் தொடர்பு நோட்டு என்று ஒன்று இருக்கும். ராத்திரி தூங்கினாளா, சளி எப்படி இருக்கிறது என்று பெற்றோர் எழுத, டீச்சர் பதில் எழுதுவார். குடும்பத்தில் படித்தவன் என்ற முறையில் ஆரம்பத்தில் நான்தான் எழுதினேன். டீச்சரின் பதில் முழுக்க ஹிரகானா என்ற எளிய எழுத்தில், சொல்லுக்குச் சொல் இடம் விட்டு, குண்டு குண்டாக வரும். என்ன அழகான கையெழுத்து என்று மகிழ்ந்துகொண்டிருந்தேன். ஆய்வுக்கூடத்து நண்பன் பார்த்துவிட்டுச் சொன்னான், ஐந்து வயதுக் குழந்தைகளுக்கு அப்படித்தான் எழுதுவார்களாம். பட்டமேற்படிப்பு நெருக்கடி அதிகமாகிவிட்டதாக அறிவித்து, நோட்டை மனைவியிடம் ஒப்படைத்தேன். பத்தே நாளில் டீச்சரின் பதிலில் காஞ்ஜி என்ற சீன எழுத்துகள் தலைகாட்டின. மாதம் திரும்புவதற்குள் நோட்டு முழுக்கக் காஞ்ஜி.

இவள் எங்கே படித்தாள்? சூப்பர் மார்க்கெட்டில். ராத்திரி ஏழரைக்கு மேல் மீனுக்கும் காய்க்கும் பாதி விலைச் சீட்டு ஒட்டுவார்கள். அவள் கற்றுக்கொண்ட முதல் காஞ்ஜி 'பாதி விலை'. ஒட்டுகிற ஆள் எப்போது வருவான் என்று கேட்டு, பக்கத்தில் நிற்கிற பாட்டிகளோடு பழகி, அவர்கள் வழியாகப் பேச்சு, பேச்சு வழியாக எழுத்து. என்னிடம் பாடப்புத்தகம் இருந்தது, அகராதி இருந்தது, இலக்கண அட்டவணை இருந்தது.

அந்தப் பாட்டிகள்தான் அவளைப் பேட்டை சிமின் சென்டாவில், அதாவது மக்கள் மன்றத்தில், சமையல் வகுப்பு எடுக்கச் சொன்னார்கள். துவரம்பருப்பு டோக்கியோவிலிருந்து பார்சலில் வந்தது. உதவிக்கு ஆள் வேண்டும் என்றாள். அனுபவம் உள்ளவன் நான்தானே, போனேன். வெங்காயம் உரிக்கிற இடத்தில் நிற்க வைத்தாள். இருபது பாட்டிகள், ஒரே நேரத்தில் இருபது கேள்வி. இவள் 'கா' வரவேண்டிய இடத்தில் 'வா', 'வா' வரவேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லாமல், பெருங்காயத்தைப் பற்றி வெளுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். ஒருவர் வாயும் சும்மா இல்லை. நடுவில் யாரோ என் பெயரைச் சொல்லி, கூடவே 'சென்செய்' சேர்த்துக் கூப்பிட்டார்கள். அப்பா பெயர் இல்லை, என் சொந்தப் பெயர். கண்ணில் நீரோடு நிமிர்ந்தேன், வெங்காயம். "ஹை!" என்று ஜப்பானிய மொழியில் பதில் கொடுத்தது மனைவி. அவளுடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டத்தில் இருப்பது நான்.

வகுப்பு முடிந்து, சன்மானமாக ஹிதோமேபோரே அரிசி ஐந்து கிலோ கொடுத்தார்கள். மியாகி மாநிலத்துக்காரர்கள் மார்தட்டிக்கொள்கிற அரிசி. தித்திப்பும் பிசுபிசுப்பும் அதன் பெருமை. டி.ஏ. தூக்கிக்கொண்டு வந்தேன். மறுநாள் அதில் புளியோதரை கிளறியபோது அந்தப் பெருமை முழுக்கக் கரண்டியில் ஒட்டிக்கொண்டது. உதிரவே இல்லை. மகள் அதை முக்கோணமாகப் பிடித்து, கடற்பாசித் தாளைச் சுற்றி, மதியச் சாப்பாட்டுக்கு எடுத்துப் போனாள். சாயங்காலம் தொடர்பு நோட்டில் டீச்சர் அரைப் பக்கத்துக்கு எழுதியிருந்தார். அந்தப் பழுப்புச் சோற்று உருண்டையின் செய்முறை வேண்டுமாம், அல்லது அதைத் தின்ற பிள்ளைகளின் வயிற்றைப் பற்றி ஏதோ கேட்கிறாராம். காஞ்ஜி அதிகம். இரண்டில் எது என்று நான் செயலியை எடுப்பதற்குள் மகள் நோட்டைப் பிடுங்கிக்கொண்டு, "இது அம்மாவுக்கு" என்று அடுக்களைக்கு ஓடிவிட்டாள்.